கங்கையில் ஏது மரம்?

18 பெப்ரவரி 2007, ஞாயிறு

கொழும்புக்கு வேலைக்குப் போன தம்பியிடமிருந்து இன்றும் போன் வரவில்லை. அங்கே தமிழ்ப் பையன்களை மறித்துப் பிடிக்கும் போலீஸ் சோதனை கூடிவிட்டதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் இருந்தால் நான் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று சிநேகிதி புஷ்பா என்னை எங்கள் ஊர் ஆற்றுக்கு, அதுதான் கங்கைக்கு, இழுத்துப் போனாள். அவள் அங்கே படகுக்காரர்களுக்குச் சமைக்கிறாள்.

ஒருவர் மட்டும் உட்காரும் சின்னக் கயாக். படகுக்காரர் சுனில், "பய வென்ன எப்பா அக்கா, பயப்பட வேணாம், ஜாக்கெட் போட்டா மூழ்க மாட்டீங்க" என்று தள்ளிவிட்டார்.

துடுப்பைப் பிடித்ததும் கைக்குத் தோட்டத்தில் தினமும் ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டும் பழக்கம் வந்துவிட்டது. வலப்பக்கமே இழுத்தேன். படகு ஓரிடத்திலேயே சுற்றியது. கரையிலிருந்து புஷ்பா கத்தினாள்:

"என்னடி, பால் வெட்ட மரத்தைச் சுத்துற மாதிரியே சுத்துற? கங்கையில ஏதுடி மரம்?"

எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டேன். படகு நேராகப் போனது. எந்தத் தைலத்துக்கும் அசையாத என் வலது தோள் இளகிவிட்டது. இத்தனை வருஷம் சும்மா இருந்த இடது தோள்தான் இப்போது சுகமாக வலிக்கிறது. இரவு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

தண்ணீரில் இருந்தவரை தம்பியின் ஞாபகமே வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. சொன்னால் கோபிக்க மாட்டான். "என்னையும் கூட்டிட்டுப் போக்கா" என்பான். போன் மட்டும் பண்ணட்டும்.

விளக்கை அணைக்க வேண்டும், எழுதும்போதே கண் சொருகுகிறது. படுத்திருக்கும் பாய் இன்னும் ஆடுகிறது, இடப்பக்கம், வலப்பக்கம், இடப்