கையில வரைஞ்ச பெல்ட்டு

ஆவணி, வெள்ளிக்கிழமை

நாளைக்கு திண்டிவனம் ஆஸ்பத்திரியிலேர்ந்து மகளையும் பொறந்த பேத்தியையும் கூட்டிக்கினு வரணும். காருல பேட்டரிக்கு கரண்ட் ஏத்தற ஆல்டர்னேட்டர் போயிடுச்சி. மெக்கானிக்க கூப்பிட வழியில்ல. விழுப்புரத்துல பழசு ஒண்ணு வாங்கியாந்து எங்க ஊட்டுக்காரரே மாட்டினாரு. அத சுத்தவைக்கிற பெல்ட்டு எந்தெந்த சக்கரத்து மேல போவுதுன்னு, கழட்டும்போதே உள்ளங்கையில பேனாவால வரைஞ்சிக்கினாரு. நடுவுல களி துன்னுட்டு ரெண்டு கையையும் சோப்பு போட்டு கழுவிட்டாரு மனுசன், படம் அழிஞ்சிபோச்சி!

"இன்னாங்க, பெல்ட்டும் களியோட உள்ள போயிடுச்சா?"ன்னேன். மொறைச்சாரு.

நான் பெல்ட்ட திருப்பிப் பாத்தேன். "வரி இருக்கற பக்கம் வரி இருக்கற சக்கரத்துலதாங்க உக்காரும்"னேன். மூணாவது தடவை உக்காந்துச்சி. ஸ்டார்ட் பண்ணதும் செவப்பு பேட்டரி வெளக்கு அணைஞ்சிடுச்சி, அப்படின்னா பேட்டரிக்கு கரண்ட் ஏறுது.

மறுபடி எடுக்காதோன்னு ஆஃப் பண்ணவே பயந்துக்கினு உக்காந்திருந்தாரு. நானே ஆஃப் பண்ணி, சாவிய திருப்பினேன். ஒரே திருப்புல எடுத்துச்சி.