கட்டிலுக்குக் கிடைத்த தீர்வு

என் வீட்டு மகாராணிக்கு,

அரைக் கட்டிலை ஆண்ட சக்கரவர்த்தி நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

தொழிலாளர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று ஆராய இங்கே கம்பெனி விடுதியில் கூட்டம் போட்டார்கள். கோபம்தான் காரணம், தியானம்தான் தீர்வு என்றார் மேனேஜர். நான் எழுந்தேன். என் குரலில் கூரை நாலடி உயர்ந்தது.

"சார், ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர். நான் வேலைக்குப் போனா இன்னொருத்தர் படுப்பார். இப்ப அவருக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியல. நான் எங்க சார் படுக்கிறது?"

"நல்ல பாயிண்ட்டுய்யா" என்று மேனேஜர் குறித்துக்கொண்டார்.

மறுநாளே அந்தக் காய்ச்சல்காரரை வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "நல்லா தூங்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். முழுக் கட்டிலும் இப்போது எனக்குத்தான். தூக்கம்தான் வரவில்லை.

காய்ச்சல் மாத்திரை நிறைய அனுப்பு. யாருக்கும் தெரியாமல் விழுங்க வேண்டும். வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்