எங்கள் வண்டிக்குச் சொல்லாத நிறம்

என் மச்சானுக்கு,

கப்றுக் குழிக்குள் இருப்பவர்களுக்கும் ஸலாம் கேட்கும் என்பார்கள். ஆகவே முதலில் ஸலாம். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் போய் இரண்டாவது மாரியும் கழிந்துவிட்டது. இம்முறை ஆற்றுநீர் பின்வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. துணிக்கடையை மருமகன் நடத்துகிறார். உங்களைப் போலவே அளவுக்கு மேல் ஒரு விரற்கடை விட்டுத்தான் வெட்டுகிறார். நானும் கண்டும் காணாதவள் மாதிரி இருக்கிறேன். நம் மகள் சஃபியாவுக்கு அப்படியே உங்கள் வாய். வீட்டுக்கு வருகிற யாரையும் சும்மா அனுப்புவதில்லை.

ஊரில் மறுபடியும் தேர்தல். மறுபடியும் தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. நேற்றுக் கடைத்தெருவில் யாரோ, “பச்சைப் பெட்டிக்காரிட வீட்ட நிறத்த ரெண்டு தரம் செல்லி வைங்ககா” என்றாராம். சஃபியா வந்து சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படியில் போய் அழுதேன். அந்தப் பெயரை எனக்கு வைத்த ஆள் இல்லையே.

பெண்களுக்கும் வோட்டு என்று சட்டம் வந்த காலம் நினைவிருக்கிறதா? நம் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடி, நம் பெண்கள் வீதியில் இறங்கி வோட்டுப் போடுவது ஆகாது என்றார்கள். பிறகு ஆட்களைக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பெண்கள் வராவிட்டால் நம்முடைய அபேட்சகர் தோற்றுப்போவார். அவ்வளவுதான், ஆகாது என்றிருந்தது ஒரு கிழமைக்குள் ஆகும் என்றாகிவிட்டது.

அடுத்த தலையிடி நிறத்தில் வந்தது. சீட்டுக் குலுக்கியதில் நம்முடைய ஆளுக்குச் சிவப்பு விழுந்தது. எதிர்த்து நின்ற லோயர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவருக்குப் பச்சை. பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். “நம்மட பள்ளிக் கொடி பச்சை. பொண்டுகள் பச்சையக் கண்டா கண்ண மூடிட்டுப் போட்டிருவாளுகள்” என்று அவர்களுக்கு ஒரே கவலை. வீடு வீடாகப் போய்ச் சிவப்பு, சிவப்பு என்று படிப்பித்தார்கள். அந்தப் பொறுப்பை உங்கள் தலையில்தான் கட்டினார்கள். வண்டிகளைப் பிடித்து, சுற்றிவரச் சீத்தைத் துணி கட்டி, பெண்களை ஏற்றி இறக்குவதும் நீங்கள்தான். கடையில் இருந்த நல்ல சீத்தை முழுவதும் அன்று மாட்டுவண்டிக்குப் போனது.

அந்த வண்டியில் கால் வைத்தபோது எனக்கு என்ன நினைவு வந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது நானே சொல்கிறேன்.

நம்முடைய மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு வலி எடுத்து அடுத்த நாளும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். பட்டணத்தில் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. பாலம் போடாத காலம். கல்லடி வரைக்கும் வண்டியில் போய், அங்கிருந்து தோணியில் ஆற்றைக் கடக்க வேண்டும். நீங்கள் வண்டி கேட்டுப் போனீர்கள். வண்டியோடு வராமல் நாலு பெரியவர்களோடு வந்தீர்கள். முற்றத்தில் அவர்கள் பேசியதெல்லாம் எனக்கு உள்ளே கேட்டது.

“வேதக்காரர்ர இடத்தில புள்ள பொறந்தா, அதுட காதில முதல்ல என்னத்த ஓதுவாங்க எண்டு ஆருக்குத் தெரியும்? பொறுங்க மாப்பிள, அல்லா லேசாக்குவான்.”

நீங்கள் பொறுத்தீர்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளை பிறந்தது. எந்தக் காதில் எதை ஓதினாலும் கேட்காத பிள்ளையாய், மூச்சில்லாமல் பிறந்தது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, ஒளிக்கமாட்டேன். ஆனால் அதன் பிறகு மாதக் கணக்கில் நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடாததையும் நான்தான் பார்த்தேன். கடையில் பச்சைப்பிள்ளைத் துணி கேட்டு யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவீர்களாம். நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருக்கலாமோ?

அப்படிப்பட்டவளைத்தான் வோட்டுக்காக வண்டி வந்து வாசலில் நின்று அழைத்தது. என் பிள்ளைக்காக வராத வண்டி.

அந்த வேதக்கார லோயர் நம் ஊருக்கு வந்து பேசிய அன்று நான் கிடுகுவேலிக்குப் பின்னால் நின்றேன். மனுஷன் அழகாகப் பேசினார் என்று சொல்லமாட்டேன், தொண்டையைக் கனைத்துக் கனைத்தே பாதி நேரம் போய்விட்டது. ஆனால் ஒன்று சொன்னார். “உங்கட ஊருக்குள்ளேயே பிள்ளைப்பேற்று அறை ஒண்டு வேணும். பெண்கள் மட்டும்தான் அதில வேலை செய்யோணும். மார்க்கத்தில ஆரும் கை வைக்கக் கூடாது. நான் அதைக் கேட்பன்.” நம்முடைய ஆள் ரோட்டைப் பற்றிப் பேசினார், வயல் வட்டைக்குத் தண்ணீர் வருவது பற்றிப் பேசினார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வோட்டுச் சாவடி அடுத்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எனக்கு எழுத்துத் தந்த பள்ளிக்கூடமும் அதுதான். மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். உள்ளே மேசையில் ஒரு டீச்சர் இருந்தார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். புருஷன் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் சொல்லப் போனாள். “அவங்களே சொல்லட்டும்” என்றார் டீச்சர். அன்றுதான் மச்சான், உங்கள் பெயரை முதன்முதலாக என் வாயால் சொன்னேன். உடம்பெல்லாம் கூசியது. உங்கள் பெயர் இவ்வளவு நல்ல பெயரா என்றும் இருந்தது.

திரைக்குப் பின்னால் போனேன். இரண்டு பெட்டிகள். பச்சையில் போட்டேன். தெரிந்துதான் போட்டேன்.

நம்முடைய ஆள்தான் வென்றார். ஆனாலும் நம் பெண்கள் போட்ட சாவடியில் பச்சைப் பெட்டிக்குள்ளும் நிறையத் தாள் கிடந்ததாகச் செய்தி வந்தது. ஊர் கொதித்தது. எந்த வீட்டுப் பெண்கள் காட்டிக்கொடுத்தார்கள் என்று பள்ளிவாசலில் வைத்து விசாரிக்கப் போவதாகப் பேச்சு. நான் பயந்துபோனேன். அப்போது நீங்கள் நடுவில் எழுந்து நின்று சொன்னீர்களாமே.

“ஆர விசாரிக்கிற? என்ட வீட்ட இருந்து தொடங்குங்க. என்ட பொஞ்சாதியே பச்சையக் கண்டு நம்மட கொடியெண்டு போட்டுட்டு வந்திருக்காள். மத்தப் பொண்டுகளக் கேட்டு என்ன செய்ற?”

கூட்டம் சிரித்துக் கலைந்ததாம். அன்றிலிருந்து நான் பச்சைப் பெட்டிக்காரி. கல்யாண வீட்டிலும் சொல்வீர்கள், கந்தூரியிலும் சொல்வீர்கள். நான் என்ன நிறத்தில் போட்டேன் என்று உங்களுக்கு நான் சொல்லவே இல்லையே. வாய்க்கு வந்த கதையைக் கட்டி ஊரை ஆற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். என்னை அறிவில்லாதவளாக்கிவிட்டாரே என்று உள்ளுக்குள் கோபமும் பட்டேன்.

பிள்ளைப்பேற்று அறை பல வருடத்துக்குப் பிறகு வந்துவிட்டது. பெரிய ரோட்டருகே, ஓடு போட்ட சின்ன வீடு. தான் கேட்டுத்தான் வந்தது என்று இப்போது பலபேர் பங்குக்கு நிற்கிறார்கள். போன மாதம் சஃபியாவுக்கு அங்கேதான் பெண்பிள்ளை பிறந்தது. களுதாவளைப் பக்கத்தில் இருந்து வந்த நேர்ஸ், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுற்றி மருமகன் கையில் கொடுத்துவிட்டு, “பாங்கு சொல்லுங்க தம்பி, நான் வெளியில நிக்கிறன்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அந்தக் காதில் முதல் விழுந்தது பாங்குச் சத்தந்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இனி உங்களோடு சண்டை.

நீங்கள் போன பிறகு நான் வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களில் பாத்தும்மா ராத்தா யாசீன் ஓத வந்தார். வோட்டு நாளில் எனக்கு முன் வண்டியில் போனவர். பழைய கதை பேசும்போது சொன்னார்: “அண்டைக்கு உங்கட மச்சான் ஒரு வண்டியயும் விடல்ல. துணியத் தூக்கித் தூக்கிச் சிவப்பு, மறந்திராதீங்க, சிவப்பு எண்டு செல்லிட்டுத்தானே விட்டாரு.”

அந்த நாளை மறுபடி நினைத்துப் பார்த்தேன். எங்கள் வண்டிக்கும் வந்தீர்கள். துணியைத் தூக்கினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். “பாத்து இறங்குங்க” என்றீர்கள். துணியை இழுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்கு முந்திய கிழமை முழுவதும் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நிறம் படிப்பித்த ஆள், வீட்டில் எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரியுந்தானே என்று நீங்கள் விட்டிருப்பீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

நான் பச்சையில் போடுவேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் விட்டீர்களா? ஊர் முழுக்கப் பச்சைப் பெட்டிக்காரி என்று சிரிக்க வைத்ததும் என்னை மறைக்கத்தானா? இத்தனை வருடமும் ஒரே பாயில் படுத்து, ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டு, இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானும்தான் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் சரியான ஆட்கள்தான்.

வோட்டு நாளன்று சஃபியாவும் போகிறாள், அவளுக்கு இதுதான் முதல் தடவை. எந்த நிறம் என்று அவளுக்குச் சொல்லிவிடும்படி ஊரில் ஆளுக்காள் என்னிடம் வந்து போகிறார்கள். எல்லாருக்கும் ஓம் என்று தலையாட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன், மச்சான். பிள்ளையை என் மடியில் வாங்கிக்கொண்டு அவளை வண்டியில் ஏற்றுவேன். துணியைத் தூக்கி, “பாத்து இறங்கு” என்பேன். வேறொன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் பெயரை ஒரே ஒருமுறை வாயால் சொன்ன,
உங்கள் மாமி மகள், உங்கள் பொஞ்சாதி.