கேட்காமல் மாற்றிய எஞ்சின்

ஜூலை 3, வியாழன்

சர்வீஸ் என்று சொல்லித்தான் எனக்கு நிச்சயமான கிங்ஸ்லி காரை வாங்கிப் போனான். இன்று குத்துக்கல்வலசையில் அவன் ஷெட்டுக்குப் போனால் அப்பாவின் எஞ்சினே இல்லை! ஏதோ பெரிய காரின் எஞ்சினை அந்த இரண்டு சீட் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் திணித்து வைத்திருக்கிறான். பழசு எங்கே என்றேன்.

"எடைக்குப் போட்டாச்சுட்டி. இனி பறக்கும் பாரு."

அப்பா எனக்கென்று விட்டுப்போன கார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? தாலி கட்டும் முன்பே இந்த அதிகாரம். நேரில் 'நீங்க' என்கிறேன். இந்த டைரியில் அவன், அவன்தான்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் எங்கள் முதல் ஓலை வாசித்தார்கள். கிங்ஸ்லிக்கும் ரூபிக்கும் திருமணம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. மூன்று ஞாயிறு இப்படி. யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

ஜூலை 9, புதன்

குற்றாலத்துக்குக் கூட்டிப் போனான். ரோட்டில் காற்றாய்ப் பறந்தது, ஒத்துக்கொள்கிறேன். சாரல் கூட்டத்தில் ஊர்ந்தபோது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"ரேடியேட்டர் பழைய சின்ன எஞ்சினோடது. இதுக்குப் பத்தாது, மாத்துங்க."

"ஒனக்கு என்னட்டி தெரியும்?"

அப்பாவோடு சேர்ந்து அந்த பானட்டுக்குள் தலையை விட்டு வளர்ந்தவள் நான். ஏன் சும்மா இருந்தேன்? என் மேலேயே எரிச்சல்.

ஜூலை 13

இரண்டாம் ஓலை. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "பத்திரிகை அடிச்சாச்சு. இரும்புத் துண்டுக்காவ மூஞ்சியத் தூக்காத."

ஜூலை 19, சனி

சர்ச் பண்டிகைப் பவனி. பேண்ட் செட்டுக்குப் பின்னால் காரில்தான் வருவேன் என்று நின்றான். நடை வேகத்தில் காற்று அடிக்காது, கொதிக்கும் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். பஜார்கூடத் தாண்டவில்லை. புஸ்ஸென்று ஆவி. பேண்ட் நின்றது, ஊரே வேடிக்கை.

உடனே அவன் சத்தமாக, "தண்ணி ஊத்தச் சொன்னேன், மறந்துட்டா மூதேவி."

பொய்! காலையில் நானே நிரப்பினேன்! அம்மா என் கையைப் பிடித்து, "ஆமான்னு சொல்லிரு. ஆம்பளைக்கு அசிங்கம்ட்டி" என்கிறாள்.

கையை உதறிவிட்டு நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். ஓலைக்குத் தடை இருக்கிறது என்றேன்.

"யாரும்மா சொல்லுதா?"

"நான்தான் ஐயா. செய்யுததை என்னைக் கேக்காம செய்யுதாரு. கெட்டுப்போனா பழிய எம்மேல போடுதாரு. காருக்கே இப்படி."

அவர் ஓலைப் பதிவேட்டை எடுத்து எங்கள் பெயர்களை அடித்தார்.

ஜூலை 20, ஞாயிறு

வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசித்தார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் சத்தமாகவே பாடினேன்.