வெள்ளிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிட்ட சாட்சி

அன்பு மகள் குண்டூசிக்கு,

சித்தப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர, அது உன்னால் ஏறியது. இன்று காலை டாக்டரம்மா அளந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு எண்ணை நான் மனுஷ உடம்பில் பார்த்ததே இல்லை என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள். (சித்தி பக்கத்தில் இருந்துகொண்டு, அவங்க கொஞ்சம் கூடியிருக்குன்னுதான் சொன்னாங்க, எழுந்தது ஜன்னலைச் சாத்த என்கிறாள், அவளுக்குக் காது மந்தம்.) உன் சுகத்துக்காக நாள் தவறாமல் ஜெபிக்கிறோம், ஆனால் இந்த வாரம் என் ஜெபத்தில் பாதி சண்டையாகவே போகிறது, சண்டை கர்த்தரோடு இல்லை, உன்னோடு. போனில் பேசினால் சிக்னல் இல்ல சித்தப்பா என்று நைசாக வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும், ஆகவே சித்தி இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். ஒரு பக்கமும் விடாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் சொன்னதெல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. உன் அம்மா அழுகிறாள். உன் அப்பா, என் அண்ணன், வழக்கம்போல அவ இஷ்டம் என்று இரண்டே வார்த்தை, பிறகு போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், அந்தச் செடி நேற்றே மூழ்கிச் செத்துவிட்டது. அவர் பேசாததையும் சேர்த்து நான்தான் பேச வேண்டியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் இந்த நகரத்து லிஃப்டுகளில் பாதி என் கையால் ஏறி இறங்கியவை, நான் ஒருநாள் லீவு போட்டால் பெரிய மனிதர்களெல்லாம் படியேறி மூச்சு வாங்குவார்கள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், கேள்.

நீ சொன்னது இதுதானே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உன் கீழே இருபது பெண்கள். ஈர விரிப்புகளை இழுத்து இஸ்திரி போடும் அந்தப் பெரிய உருளை எந்திரத்தின் முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது, கை பட்டால் உருளை நின்றுவிடும். விரிப்பு சுருண்டு பட்டாலும் நிற்கிறது, வேலை தாமதமாகிறது என்று மேலாளர் அதைக் கழற்றச் சொன்னார். வேண்டாம் சார் என்று நீ இரண்டு தடவை சொன்னாய், மூன்றாவது தடவை சொல்லாமல் ஷிஃப்டை ஓட்டினாய். போன வாரம் நீங்கள் பெரியக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்ணின் வலது கை உள்ளே போய் வெந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. அதற்குள் மேலாளர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, எதுக்கும்மா வீண் வம்பு, விசாரணைக்கு முன்னாடியே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, நல்ல சான்றிதழ் தர்றேன், எங்க வேணா வேலை கெடைக்கும் என்று தேன் தடவிப் பேசியிருக்கிறார். நீயும் சரி என்று வந்துவிட்டாய். வந்து அம்மாவிடம் சொல்கிறாய், தலைமைப் பொறுப்புக்குக் கர்த்தர் என்னை அழைக்கலம்மா, அவரே கதவை அடைச்சுட்டாரு என்று.

இங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கர்த்தரா அடைத்தார்? கதவை அடைக்கச் சொன்னது மேலாளர், அடைக்கப் போவது நீ, பழி மட்டும் பரலோகத்துக்கா? பயமாயிருக்குது சித்தப்பா என்று சொல், ஒத்துக்கொள்கிறேன், பயம் மனுஷருக்கு உள்ளது. வெட்கமாயிருக்குது என்று சொல், அதுவும் சரி. ஆனால் உன் பயத்துக்கு ஆண்டவர் பேரில் கையெழுத்துப் போடாதே. நீ போய்விட்டால் அந்த விசாரணை அறையில் யார் இருப்பார்கள்? மேலாளரும் அவருடைய ஆட்களும். அவள்தான் கவனமில்லாமல் கையை விட்டாள் என்று முடித்துவிடுவார்கள். கம்பி இல்லாமலே உருளை சுற்றும், அடுத்த கை எப்போது போகும் என்பதுதான் மிச்சம். கையில் கட்டோடு வீட்டில் கிடக்கும் அவளுக்குச் சிகிச்சையும் கிடைக்காது, வேலையும் கிடைக்காது. இதற்குப் பேர் கர்த்தரின் சித்தமா? சொல்லடி.

உன் ஜெப ஐக்கியத்துத் தோழிகள் உனக்கு அனுப்புகிறார்களே சூரியன் உதிக்கிற படங்கள், கழுகு பறக்கிற படங்கள், அவற்றை நீ அம்மாவுக்கு அனுப்ப, அம்மா எனக்கு அனுப்ப, என் போனில் இப்போது கழுகுக்கே உட்கார இடமில்லை. போன மாதம் ஏதோ தலைவர்கள் முகாமுக்குப் போனாயாம். அங்கே வந்த பெரிய பேச்சாளர், எப்போது விலக வேண்டும் என்று தெரிந்தவரே தலைவர் என்றாராம். அவர் என்றைக்காவது உருளை எந்திரத்துக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்றிருக்கிறாரா? நின்றிருந்தால் விலகுவதைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசியிருக்க மாட்டார். எனக்கு வேதம் முழுசாகத் தெரியாது, தெரிந்ததை நன்றாகத் தெரியும். அந்தத் தீர்க்கதரிசி ராணிக்குப் பயந்து ஓடினாரே, காட்டில் ஒரு செடியின் கீழ் படுத்துக்கொண்டு போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றாரே, அவரிடம் கர்த்தர் என்ன சொன்னார்? பாவம், உன்னை நான் அழைக்கவே இல்லை, வீட்டுக்குப் போ என்றா சொன்னார்? அடை சுட்டுக் கொடுத்தார். நன்றாகப் பொன்னிறமாக, சூடாக, இரண்டு தடவை. (பொன்னிறம்னு அதுல எங்க போட்டிருக்கு என்கிறாள் சித்தி. கர்த்தர் சுட்டால் கருகியா இருக்கும்?) தூங்கவிட்டார், சாப்பிடவிட்டார், அழவிட்டார். அப்புறம் வந்த வழியே திரும்பிப் போ என்றார். வந்த வழியே, மகளே. புது வேலை, புது ஊர், நல்ல சான்றிதழ் ஒன்றும் இல்லை. கூட ஒத்தாசைக்கு ஒரு ஆளையும் காட்டிக் கொடுத்தார். களைத்த தலைவருக்கு ஆறுதல் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான், கழுகுப் படம் இல்லை.

இப்போது நடந்த கூத்தைக் கேள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் உன் அம்மா உன் விஷயத்தை ஜெப விண்ணப்பமாகக் கொடுத்துவிட்டாள். நேற்று ஜெபக் கூட்டம். சபைச் செயலாளரை உனக்குத் தெரியும், முப்பது பேருக்கு மைக் வைத்துக்கொண்டு முந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுவாரே, அவர் எழுந்து, தூரத்துல இருக்கிற நம்ம சபைப் பொண்ணு ஒருத்தி வேலையில பெரிய தப்பு செஞ்சு, பேரு கெட்டு, மனசு ஒடைஞ்சு நிக்கிறா, அவளுக்காக ஜெபிப்போம் என்றார். பெரிய தப்பாம்! முன்வரிசையில் தையல்காரர் வீட்டம்மா, ஐயோ, கையாடலா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். பின்னால் ஒருவர், நான் அப்பவே நெனச்சேன், ரொம்பப் படிச்சாலே இப்படித்தான் என்றார். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எழுந்தேன். நான் எழுந்ததில் பெஞ்சு சாய்ந்து சபையே திரும்பியது. யாரய்யா தப்பு செஞ்சது என்று கேட்டேன், மைக் இல்லாமலே தெருவரைக்கும் கேட்டதாம். எங்க பொண்ணு ஓடுறவ இல்லய்யா, விசாரணையில எல்லார் முன்னாடியும் நின்னு, கம்பியைக் கழட்டச் சொன்னது யாருன்னு நெத்தியடியா சொன்னா, ஓட்டினதுல என் தப்பும் இருக்குன்னு அதையும் மறைக்காம சொன்னா, மேலாளருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு, அந்தப் பொண்ணுக்குச் சிகிச்சை, கம்பி பழைய இடத்துல, கர்த்தர் பெரியவர் என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது, ஆவியானவர் ஏவியது மாதிரி. சபை முழுக்க அல்லேலூயா. பாட்டு வாத்தியார் கீபோர்டில் கையை வைத்துவிட்டார். தையல்காரர் வீட்டம்மா கண்ணைத் திறந்து, நான் அப்பவே சொன்னேன், நல்ல பொண்ணுன்னு என்கிறாள். கூட்டம் முடிந்து எல்லோரும் உன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், மனிதர் நிமிர்ந்து நின்றார், அவர் அப்படி நின்று நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அவருக்குத் தெரியும் அது இன்னும் நடக்காத சாட்சி என்று. ஆனாலும் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி கதவைச் சாத்தினாள். கர்த்தர் சன்னிதியில பொய் சொல்லிட்டு வந்து சாப்பாடு வேற கேக்குறீங்களா என்றாள். பொய் இல்லடி, மூணு நாள் முன்னாடி சொன்ன உண்மை என்றேன். அவ அந்த ராஜினாமாவைக் கொடுத்துட்டா அப்ப என்ன பேரு என்றாள். கேட்ட சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். நானே சாப்பிடாமல் படுத்தேன் என்றால் பார்த்துக்கொள். இன்று போதகர் வேறு வழியில் பிடித்து, ஞாயித்துக்கிழமை ஆராதனையில உங்க பொண்ணே போன்ல சாட்சி சொன்னா எத்தனை பேருக்குத் தைரியம் வரும், எத்தனை பேரு இங்க இப்படியே மேலதிகாரிக்குப் பயந்து ஒக்காந்திருக்காங்க என்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்று, மகளே, இதை வைத்து உன்னை மடக்குகிறேன் என்று நினைக்காதே. என் வாய்க்கு நீ பொறுப்பில்லை. நீ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து, செயலாளர் கையிலிருந்து மைக்கை வாங்கி, நான் சொன்னது நடக்கவில்லை, எங்கள் பெண் பயந்துவிட்டாள், அவளுக்காகவும் வெந்த அந்தக் கைக்காகவும் ஜெபியுங்கள் என்று சொல்வேன். என் வாழ்க்கையில் நான் சின்னதாக நின்றதில்லை, உனக்காக நிற்பேன். அதற்காக உன்னை வீட்டில் சேர்க்காமலா போவோம், உன் அறையைச் சித்தி பெருக்கியே வைத்திருக்கிறாள். ஆனால் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய். நாளைக்கு வேலை முடிந்து பெரியக்கா வீட்டுக்குப் போ. பழம் கிழம் எடுத்துப் போகாதே, வெறுங்கையோடு போ. கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டு உட்கார், நான் விலகப் போறேங்க்கா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்ல முடிந்தால் போய் எழுதிக் கொடு, நான் அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். முடியவில்லை என்றால், கர்த்தர் உன்னை அழைத்தாரா இல்லையா என்று இனிமேல் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதே.

சித்தி உனக்கு முத்தம் அனுப்புகிறாள், கோபத்தில் இதை அழுத்தி எழுதியதில் மேசை விரிப்பில் எழுத்தெல்லாம் பதிந்துவிட்டதென்று எனக்குத் திட்டும் அனுப்புகிறாள். அம்மா சாப்பிடுகிறாள், பயப்படாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் நாவில் அவர் உட்காரட்டும், உன் முழங்காலுக்கு அவர் பலம் தரட்டும். விசாரணை அறைக்குள் போனால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், உனக்கு எடுத்ததற்கெல்லாம் முதலில் மன்னிக்கணும் சார் என்று ஆரம்பிக்கிற பழக்கம் உண்டு, அதைச் சொல்லாதே. அவர்கள் பெரியக்காவைச் சம்பந்தப்பட்ட ஊழியர், சம்பந்தப்பட்ட ஊழியர் என்றுதான் பேசுவார்கள். நீ வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக அவள் பேரைச் சொல், முழுப் பேரையும்.

கோபமாக, ஆனால் உன்னை விட்டுக்கொடுக்காத,
உன் சித்தப்பா