ஐந்தாம் அடுக்கில் அணைந்துபோகும் ஓவன்

கூர்தோரி, கோவா.

அன்பு மகள் ஃப்ளாவியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே சுவிண்டனில் குளிர் பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். நான் போனில் பேசினால் கோயில் வரைக்கும் கேட்கும் என்று நீதானே சொல்வாய். இது உன் அப்பா காதில் விழக்கூடாத சங்கதி. பக்கத்து வீட்டு பியெதாத்தின் தங்கை மகன் அங்கே புறப்படுகிறான், அவனிடம் இதையும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன், பாட்டிலைத் திறந்திருக்கிறானா என்று பார்த்து வாங்கு. மழை விட்டுவிட்டது, கிணறு விளிம்பு வரை நிற்கிறது, ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நீ கேட்கமாட்டாய், நானாகச் சொல்கிறேன். உன் தம்பி அவித்தோவை அடக்கம் செய்த அன்று அவர் கல்லறை வாசலிலேயே நின்றுவிட்டார், ஒரு பிடி மண் போட உள்ளே வரவில்லை. "பெத்த பிள்ளைக்கு மண்ணு போடாதவரு எனக்கு அப்பனே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அதற்கப்புறம் அவர் போனை எடுத்தால் "அம்மாவைக் கூப்பிடுங்க" என்பதோடு சரி. அவரும் போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

இப்போது ஓவன் விஷயத்துக்கு வருகிறேன். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, நடுவில் போன் போடாதே. அவித்தோ கப்பல் சமையலறையில் சேர்ந்த வருஷம் முதல் சம்பளத்தில் வாங்கிப்போட்ட ஓவன் அது. அவன் போன பிறகு நான் அதைத் துடைக்கிறதோடு சரி, ஒரு நாளும் போட்டதில்லை. இந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் வாங்கிக்கொண்டு வந்து சமையலறைக்குள் நுழைகிறேன், ஓவனுக்குள் விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் தகட்டில் கை வைக்க முடியவில்லை. சின்னத் திரையில் ஏதோ எச்சரிக்கை எழுத்து மின்னுகிறது, ஓவனோடு வந்த புத்தகத்தில் பார்த்தால் அளவுக்கு மீறிய சூடு என்று போட்டிருக்கிறது. அறை முழுக்க ஜாதிக்காய் வாசனை. உன் தம்பி லீவில் வந்து கட்டிப்பிடித்தால் அவன் சட்டையில் வருமே, அதே வாசனை. மீன் பையைக் கீழே போட்டுவிட்டேன். அப்பா எப்போதும் போலச் சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துவிட்டு ஞாயிறு வீட்டில்தான் இருந்தார். கேட்டால், "நான் தோட்டத்துல இருந்தேன், எனக்கென்ன தெரியும்" என்றார். அதற்கப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இதே கதை.

உனக்கு நான் வாசனையைப் பற்றிச் சொல்லவில்லை, சூட்டை மட்டும் சொன்னேன். நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். சுவர் சுவிட்சை அணைத்து நன்றாக ஆறவிட்டுப் போட்டேன். சுவரைவிட்டு ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தேன். பின்னால் காற்றுப் போகும் துளைகளில் பல்லி முட்டையும் ஒட்டடையும் இருந்தன, பழைய பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். கதவின் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், அடியில் வெள்ளித்தாள் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சும்மா போட்டுப் பார்த்தால் சாதுவாக வேலை செய்கிறது, நான் பூசைக்குப் போனால்தான் அதற்குச் சாமி வருகிறது. பியெதாத் கேட்டுவிட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அக்கா, இது அவித்துதான். சின்ன வயசுல போற ஆத்துமா அது ஆசையா வாங்கின சாமானை விட்டுப் போகவே போகாது. உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து தவிக்குது, ஒரு பூசை வைங்க" என்றாள். பூசையும் வைத்தேன். ஃபாதரைக் கூட்டிவந்து வீட்டையும் மந்திரிக்கச் சொன்னேன். அவர் சமையலறையில் தீர்த்தம் தெளிக்கும்போது உன் அப்பா பின்னாலேயே நின்று, "ஃபாதர், பார்த்துத் தெளிங்க, கரண்ட்டு சாமான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பிறகு ரிப்பேர் செய்கிற நாகேஷைக் கூப்பிட்டேன். அவன் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல கோளாறே இல்ல. கதவைத் திறந்து வச்சுக்கிட்டு மேல் சூட்டைப் போட்டிருக்கீங்க. அந்த அனல் வெளிய வந்து சூட்டைக் கூட்டிக் குறைக்கிற இந்தத் திருகுப் பலகையில அடிக்குது, தாங்க முடியாம அதுவே அணைஞ்சுக்குது. பாருங்க, பிளாஸ்டிக் கூட வளைஞ்சிருக்கு" என்றான். யாரும் போடுவதே இல்லையப்பா என்றேன். "போடாம எப்படி ஆன்ட்டி சூடாகும்?" என்று சிரித்தான். உன் அப்பா நம் நாய் சீசருக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். ஃப்ளாவியா, அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஆவி என்றால்கூட என் பிள்ளையின் ஆவிதானே என்று ஒருமாதிரி பழகியிருந்தேன். ஒருவேளை நானே போட்டுவிட்டு மறந்துபோகிறேனோ, என் புத்திதான் கலங்குகிறதோ என்று நினைத்தேன். என் சித்தி கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யார் நீ என்று கேட்டாளே, அது ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய்.

போன ஞாயிறு கோயிலில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடி எடுத்துவரவில்லை என்று தெரிந்தது. பிரசங்கம் முடிவதற்குள் வந்துவிடலாம் என்று வீட்டுக்கு நடந்தேன், நம் ஃபாதர் பிரசங்கத்தில் ஊருக்குப் போய்த் திரும்பிவிடலாம் என்பது உனக்குத் தெரியும். கிணற்றுப் பக்கமாக வந்தேன். சமையலறை ஜன்னலில் ஜாதிக்காய் வாசனை அடித்தது. எட்டிப் பார்த்தேன். தேங்காய் துருவுகிற மணையை ஓவனுக்கு முன்னால் போட்டு உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவித்தோவின் கப்பல் ஏப்ரனைக் கட்டியிருக்கிறார், அது அவர் வயிற்றுக்குப் பாதிதான் வருகிறது. ஓவன் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே மேல் கம்பி செக்கச்செவேல் என்று எரிகிறது, அந்த அனலில் அவர் முகமும் சிவந்திருக்கிறது. ஒரு கையில் கரண்டி, பக்கத்தில் மஞ்சள் கருவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவு. ஏழு அடுக்கு வைத்துச் சுடுகிற நம் பெபிங்கா கேக் செய்கிறார் மகளே. சமையலில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே, கிறிஸ்மஸுக்கு நான் அடுக்கு ஊற்ற ஊற்ற, மேல்மூடித் தணலைத் தூக்கித் தூக்கிச் சிவந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது. அந்தப் பழக்கத்தில் கதவை மூடவே மாட்டேன் என்கிறார், கண்ணாடி வழியாகப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே பேசுகிறார். "அவித்து, பாபா, இது சிவந்துடுச்சுடா, அடுத்ததை ஊத்தட்டுமா? நீ சொல்லு." ஊற்றினார். ஐந்தாவது அடுக்கு அது. அது சிவக்கும் முன்னே ஓவன் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது. அப்பா எழுந்து போய் அதன் பக்கவாட்டில் கை வைத்துக்கொண்டு, "இன்னிக்கும் விடமாட்டியா? இன்னும் உனக்கு ஆத்திரம் தீரலையா?" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அவித்தோ அந்த ஓவனில் செய்த முதல் பெபிங்காவைத் தட்டில் வைத்து நீட்டினான். "தணல் படாதது பெபிங்காவாடா? கொண்டுபோ" என்று தள்ளிவிட்டார். "கப்பல்ல முந்நூறு வெள்ளைக்காரன் தின்னான்ப்பா, ஒருத்தனும் சாகல" என்றான் அவன். "ருசி தெரியாதவன் எப்படிடா சாவான்" என்றார் இவர். நாமெல்லாம் சிரித்தோம். ஒவ்வொரு லீவிலும் அவன் செய்வதும் இவர் தள்ளுவதும் விளையாட்டாகவே இருந்தது, கடைசி வரைக்கும் ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. நடுக்கடலில் நெஞ்சு வலித்துக் கப்பலிலேயே விழுந்தவன் பெட்டியில்தான் வந்தான். அதைத்தான் இந்த மனுஷன் இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்து வேகவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஜன்னலடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உள்ளே போகவில்லை. வெந்ததையும் வேகாததையும் சுரண்டி எடுத்து சீசருக்குப் போட்டார், மிச்சமிருந்த வெள்ளைக்கருவையும் ஊற்றினார். சீசரும் ஆறட்டும் என்று பழகினவன் போலக் காத்திருந்து தின்றான். போன வாரம்தான் பியெதாத், "உங்க சீசருக்கு என்ன போடுறீங்க, மினுமினுன்னு இருக்கான், சொல்லுங்க, என் வீட்டுக்காரருக்கும் போடறேன்" என்று கேட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் கோயிலுக்குத் திரும்பிப் போய், எல்லோரோடும் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். "ஓவன் இன்னைக்கும் சூடா இருக்கே" என்றேன். "அப்படியா" என்றார்.

புத்தி கலங்கவில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும், தூக்கம் வரவில்லை. ஒன்று மட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை. புதன்கிழமை நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம், யாரும் ஓவனைத் தொடவில்லை, விசிறி தானாக ஓடத் தொடங்கியது. நான் அவரைப் பார்த்தேன், அவர் தலை நிமிரவில்லை, மணியை மட்டும் இறுகப் பிடித்தார். மின்சாரம் போய் வந்தால் அப்படி ஆகும் என்று நாகேஷ் சொல்வான். அன்று மின்சாரம் போகவில்லை. மிச்ச மணிகளை இருவரும் சத்தமாகச் சொல்லி முடித்தோம். அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கூசிப்போய் நிறுத்திவிடுவார், பிறகு அவனோடு பேச அவருக்கு வேறு இடமில்லை. ஆனால் இப்படியே விட்டால் ஒரு நாள் பலகை எரிந்துபோகும். அதைவிட, ஒவ்வொரு தடவை அணையும்போதும் பிள்ளை தன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்தினால் போதும், ஏழு அடுக்கும் ஏறிவிடும். அதை நான் சொல்ல முடியாது, உன் தம்பியும் சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும். ஓவன் ஏன் சூடாகிறது என்று நீ அங்கே விசாரித்ததாகச் சொல். அவரை அப்பா என்று கூப்பிட்டுச் சொல்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், உனக்கு நல்ல தூக்கத்தையும் உடம்புக்குச் சுகத்தையும் தருவாள். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. ஞாயிறு காலை நம் நேரத்துக்குப் போன் செய், மறந்துவிடாதே, நான் பூசையில் இருப்பேன், அவர் தனியாக இருப்பார். முதல் தடவை எடுக்கமாட்டார், கையெல்லாம் மாவாக இருக்கும். விடாமல் அடி.

என்றும் உன் அம்மா,
எஃபெமியா.