பதினேழாம் இடத்தில் வெர்னனின் நண்டுப் படகு

மேரிலாந்து, ஏப்ரல் 2

அன்பு மகள் ஜோலீனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் சுமாராக இருக்கிறோம், அலாஸ்கா குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன். நம் வீட்டுக்கு உரிய பதினேழாம் எண் படகு இடம் பறிபோகும் நிலையில் இருக்கிறது, தப்பு என்னுடையதுதான். போன ஆகஸ்ட் புயலில் வெர்னனின் படகுத்துறை உடைந்துபோனது உனக்குத் தெரியும். நண்டு பிடித்துப் பிழைக்கிறவன் படகை எங்கே கட்டுவான், நம் இடம் சும்மாதானே கிடக்கிறது, கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டேன். காகிதம் ஒன்றும் இல்லை, கை குலுக்கியதோடு சரி. இப்போது வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. படகு இடத்தை இங்கே சொந்த வீடு உள்ளவருக்குத்தான், அதுவும் எழுத்து மூலமாகத்தான், வாடகைக்கு விடலாமாம். வெளியாள் படகை முப்பது நாளில் எடுக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்கு இடம் போய்விடும். அந்த முதல் ஆள் பக்கத்து வீட்டு இர்மா, நாய் விஷயத்தில் நாலு வருஷமாக என்னோடு பேசாதவள்.

இஸ்திரி போட்ட சட்டையோடு சண்டைக்குத் தயாராகக் கூட்டத்துக்குப் போனேன். எந்த மடையன் இந்த விதியைப் போட்டது என்று கேட்டேன். செயலாளர் ரஸ்ஸல் பழைய நோட்டைப் புரட்டி, முன்மொழிந்தவர் டெல்பர்ட் என்று வாசித்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வார இறுதியில் வந்து அலறிய தண்ணீர் ஸ்கூட்டர்களை விரட்ட நானே கொண்டுவந்த விதி. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒண்ணும் வாடகை வாங்கலையே என்று சமாளித்தேன். உடனே இர்மா, போன வருஷம் வெள்ளிக்கிழமை தவறாம ஒரு கூடை நண்டு வந்துச்சே, அதுக்கு என்ன பேரு, எங்க வீடு வரைக்கும் மணத்துச்சு என்றாள்.

கடைசியில், புயலில் துறையை இழந்தவர்களுக்கு ஒரு வருஷம் விலக்கு என்று திருத்தம் எழுதினோம். முப்பத்தெட்டு வீட்டில் இருபத்தாறு ஓட்டு வேண்டும். இருபத்தைந்து கைகள்தான் உயர்ந்தன. அதிலும் கடைசியாக உயர்ந்தது இர்மாவின் கை. எனக்கு அந்த எடம் வேணும்தான், ஆனா ஒருத்தன் பொழப்பக் கெடுத்து வேணாம் என்று சொல்லி, என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் அவள் நாயைத் தடவிக் கொடுத்தேன்.

உங்க கை எங்கேப்பா என்று கேட்பாய். தூக்கினேன், ரஸ்ஸல் இறக்கச் சொல்லிவிட்டான். அம்மா போனபின் வீட்டை உன் பெயருக்கு மாற்றினேனே, ஓட்டும் அதோடு உன்னிடம் வந்துவிட்டதாம், நான் வெறும் குடியிருப்பவனாம். ஓட்டுப் படிவம் இதோடு இருக்கிறது, பதினெட்டாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், கையெழுத்தை மறந்துவிடாதே. இடம் உன்னுடையது, மாட்டேன் என்றே எழுதினாலும் அப்பாவுக்குக் கோபம் வராது, வந்தாலும் ரெண்டு நாளில் போய்விடும். உன்னிடம் நான் கேட்கக் கூடாது என்று வெர்னன் சொல்லியிருக்கிறான். ஆனால் புது நண்டுக் கூண்டுகளுக்கு வர்ணம் அடித்து நம் துறையில் அடுக்கிவிட்டான்.

கடவுள் உன்னைக் கண்போல் காப்பாற்றட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் வீட்டில் குடியிருக்கும்
அப்பா டெல்பர்ட்